எங்கே நிற்பது? அட்லாண்டிக் கரையோர நீர்வழியில் ஒரு படகுப் பயணக் கணக்கு

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபிகர் எய்ட் தீவுக்குப் போகிற சுழல் பாலம், படகுகளுக்காக அரை மணிக்கு ஒருமுறை திறக்கும். அதற்குத் தெற்கே ஐந்து மைல் தள்ளி ரைட்ஸ்வில் பீச் பாலம். அது மணிக்கு ஒருமுறைதான் திறக்கும். பாய்மரப் படகு எஞ்சினை ஓட்டினாலும் மணிக்கு ஆறு மைல் போனால் அதிகம். இரண்டு மணிக்கு முதல் பாலத்தைத் தாண்டியவர் இரண்டு ஐம்பதுக்கு அடுத்த பாலத்தை எட்டுவார். பத்து நிமிடத்தில் வழி கிடைத்துவிடும். இரண்டரைக்குத் தாண்டியவரோ மூன்று இருபதுக்கு வந்து, நீரோட்டம் பாலத்தின் மேல் தள்ளிவிடாமல் நாற்பது நிமிடம் வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். நவம்பரில் அந்த ஊரில் ஐந்து மணி தாண்டியதுமே பொழுது சாய்ந்துவிடும். முதல் பாலத்தில் அரை மணி பிந்தியவருக்கு, ராத் தங்கலுக்கு நினைத்து வைத்திருந்த இடம் கை நழுவிப் போக இதுவே போதும்.

வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி ஃப்ளோரிடாவின் மியாமி வரை ஏறத்தாழ 1,090 மைல் ஓடுகிற இந்த வழிக்கு ‘அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே’ என்று பெயர். ஐசிடபிள்யூ என்று சுருக்குவார்கள். கடல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் படகு கடலில் போகாது. வெளியே நீளநீளமாக மணல் தீவுகள் அரண் போலக் கிடக்க, அவற்றுக்கு உள்ளே ஆறுகள், காயல்கள், உப்பங்கழிகள், இவற்றைக் கோத்து வெட்டிய கால்வாய்கள் என்று வழி வளைந்து போகிறது. இப்படி ஒன்று வேண்டும் என்று 1808-லேயே நிதித்துறைச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் அறிக்கை கொடுத்துவிட்டார். துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்க நூறாண்டுக்கு மேல் ஆனது. 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கரோலினாக் கரையோரத்தில் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, உள்வழியின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

இப்போது இதில் சரக்குப் படகுகளை விட உல்லாசப் படகுகளே அதிகம். குளிர் தொடங்கியதும் வடக்கிலிருந்து தெற்கே இறங்குவார்கள். வசந்தத்தில் திரும்பி ஏறுவார்கள். பனிப்பறவைகள் என்று இவர்களுக்குச் செல்லப் பெயர். எப்போது புறப்படுவது என்பதைக்கூட முழுக்கத் தாங்களாக முடிவு செய்ய முடியாது. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் அடங்கும்வரை குறிப்பிட்ட எல்லைக்குத் தெற்கே படகைக் கொண்டுபோனால் இழப்பீடு கிடையாது என்று பல காப்பீட்டுப் பத்திரங்களில் எழுதியிருக்கும். அதனால் அக்டோபரில் வர்ஜீனியாவின் துறைகளில் படகுகள் குவிந்து கிடக்கும்.

நாளுக்கு ஐம்பது மைல் என்று வைத்தால் இருபத்திரண்டு நாளில் மியாமி. கணக்கு சரி. அதை நம்பி விமான டிக்கெட் போட்டவர்தான் மாட்டிக்கொள்வார். இந்த வழியை நன்றாகப் பழகியவர்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றுதான் ஒதுக்குகிறார்கள். அவர்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பெயர் இருக்கும்: போய்ச் சேர நினைக்கும் இடம், அதற்குப் பத்துப் பதினைந்து மைல் முன்னால் ஒதுங்க ஓர் இடம், எல்லாம் கூடிவந்தால் எட்டிப் பிடிக்க அப்பால் ஓர் இடம். எனக்குத் தெரிந்து நடுப் பெயர்தான் மற்ற இரண்டையும் விடப் பெரியது. இருட்டில் இந்த வழியில் போகக் கூடாது. விளக்கில்லாத குறிக்கம்பங்கள், நண்டுக்கூண்டுகளின் மிதவைக் கயிறுகள் என்று எஞ்சின் விசிறியைப் பிடிக்கக் காத்திருப்பவை ஏராளம். வெளிச்சம் இருக்கும்போதே நிற்கத் தெரிந்தவருக்கே மறுநாள் நிம்மதியாக விடியும்.

கறுப்புத் தண்ணீரும் ரோஜாப் பூவும்

நார்ஃபோக்கிலிருந்து கிளம்பிய முதல் நாளிலேயே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 1859-ல் திறந்த ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய். அகலமானது, ஆழமானது, சரக்குப் படகு போவது. பதினோராவது மைலில் கிரேட் பிரிட்ஜ் லாக். படகுகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அடுத்த கதவைத் திறந்து விடும் தொட்டி அது. இங்கே மட்டம் மாறுவது இரண்டு மூன்று அடிதான். லாக்கைத் தாண்டியதும் மணிக்கு ஒருமுறை திறக்கும் பாலம். கரையோரம் காசில்லாமல் கட்டிக்கொள்ள இடமுண்டு. கடைத்தெரு நடக்கிற தூரம். முதல் நாள் பதினோரு மைலில் நிற்பதா என்று கேட்பவர்கள் உண்டு. மறந்துவிட்ட சாமான், இறுக்காத பெல்ட், சொட்டும் குழாய் எல்லாம் முதல் நாளில்தான் தெரியவரும். கடை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடுவது நல்லது.

இன்னொரு வழி டிஸ்மல் சதுப்புக் கால்வாய். 1793-ல் தோண்டத் தொடங்கி 1805-ல் திறந்தார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் தோண்டியவர்கள் அடிமைகள். அதே சதுப்புக்குள் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய மக்கள் தலைமுறைக் கணக்கில் ஒளிந்து குடியிருந்தார்கள். மரங்களிலிருந்து இறங்கும் சாறு தண்ணீரைப் பாலில்லாத தேநீர் நிறத்துக்கு மாற்றியிருக்கும். இரு முனையிலும் லாக். நாளுக்குச் சில முறைதான் திறப்பார்கள். தவறவிட்டால் அரை நாள் போச்சு. ஆழம் ஆறடிதான் என்பதால், தண்ணீருக்குள் ஐந்தடிக்கு மேல் இறங்கும் படகுக்காரர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்குவார்கள். கோடையில் பாசி மண்டி எஞ்சினின் குளிர்நீர் வடிகட்டியை அடைத்துவிடும். வறட்சி வந்தால் கால்வாயையே மூடிவிடுவார்கள். இத்தனை இருந்தும் எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. வடக்கு முனையான டீப் கிரீக் லாக்கில் நெடுங்காலம் பணியாற்றிய காவலர் ஒருவர், தொட்டி நிரம்பும் நேரத்தில் படகுக்காரர்களுக்குச் சங்கு ஊதிக் காட்டுவது வழக்கம். நாலு மைல் வேகத்தில் போகிற பயணத்தில்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

கால்வாயின் நடுவே, இருபத்தெட்டாவது மைலில் வட கரோலினாவின் வரவேற்பு மையம். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறு பக்கம் படகுத்துறை. லாரி ஓட்டுநரும் படகோட்டியும் ஒரே கழிப்பறை வரிசையில் நிற்கிற இடம். துறை சின்னது. கூட்டம் சேர்ந்தால் ஒரு படகின் விலாவில் இன்னொன்று, அதன் விலாவில் மூன்றாவது என்று கட்டிக்கொள்வார்கள். காலையில் முதல் லாக்குக்குக் கிளம்ப வேண்டியவர் உள்பக்கம் மாட்டிக்கொண்டால் எல்லோரும் எழுந்தாக வேண்டும். ஆகவே எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கயிறு வீசுவார்கள்.

கால்வாய் முடிந்து பாஸ்கோடாங்க் ஆற்றில் இறங்கினால் எலிசபெத் சிட்டி. 1983-ல் உள்ளூர்க்காரர்கள் இருவர், துறைக்கு வரும் படகுகளில் இருந்த பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜாவும் எல்லோருக்கும் சாயங்கால விருந்தும் கொடுத்து வரவேற்கத் தொடங்கினார்கள். ‘ரோஸ் படீஸ்’ என்று பெயர் பரவிப் படகுக்காரர்களிடையே ஊர் புகழ் பெற்றது. துறையில் கட்டணமும் கிடையாது. இப்படி ஒரு சின்ன ஊர் ரோஜாச் செடியை வைத்தே தன்னை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டது.

இங்கே ஒரு வார்த்தை நம் ஊரைப் பற்றி. டிஸ்மல் கால்வாய் திறந்த அடுத்த ஆண்டு, 1806-ல், சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கமாகக் கடலோரக் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார்கள். பிற்பாடு ஆந்திராவின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீண்ட அதற்கு 1878-ல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் வைத்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்கள் அடையாறையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய துண்டும் அதில் சேர்ந்தது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிப் படகுகள் போன அந்த வழியின் நடுவே இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ரயில் வந்து டிஸ்மல் கால்வாயின் வரும்படியையும்தான் தின்றது. 1929-ல் மத்திய அரசே அதை வாங்கித் தூர்வாரியதால் இன்றும் படகு போகிறது. 2008-ல் பக்கிங்காம் கால்வாயையும் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி.

காற்று சொன்னால் நிற்க வேண்டும்

இரண்டு வழிகளும் ஆல்பமார்ல் விரிகுடாவுக்குப் போய்ச் சேர்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஏரி போல இருக்கும். கடக்க மூன்று மணி நேரம். ஆழம் இல்லாத அகன்ற நீர்ப்பரப்பில் காற்று அடித்தால் அலைகள் உயரமாக எழாவிட்டாலும் நெருக்கமாக, செங்குத்தாக எழும். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்து முகத்தில் அறையும். அதைக் கடந்ததும் அலிகேட்டர் ஆற்றின் முகப்பில் சுழல் பாலம். பலத்த காற்றில் அதைத் திறக்க மாட்டார்கள். விரிகுடாவைச் சமாளித்து வந்தும் பாலம் திறக்காமல் வெட்டவெளியில் தத்தளிக்க நேரலாம். ஆகவே எலிசபெத் சிட்டியிலேயே இரண்டு நாள் முடங்கிக் கிடப்பவரைச் சோம்பேறி என்று யாரும் நினைப்பதில்லை. தேதி குறித்துக்கொண்டு ஓடுவதுதான் படகில் இருக்கும் பெரிய ஆபத்து என்று அந்த வட்டாரத்தில் அடிக்கடி சொல்வார்கள்.

அதற்கப்பால் இருபது மைல் நேர்கோட்டுக் கால்வாய். அதன் மேலே வில்கர்சன் பாலம். இந்த நீர்வழியின் நிலையான பாலங்கள் 65 அடி உயரம் என்பது விதி. இந்தப் பாலம் 64 அடிதான். மழையால் தண்ணீர் ஏறியிருந்தால் அதுவும் குறையும். 63 அடிப் பாய்மரத்தோடு வருபவர், பாலத் தூணில் எழுதியிருக்கும் அளவுப் பலகையைப் படித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

இன்னும் தெற்கே போனால் லெஜூன் படைமுகாம். கடற்படைக் காலாட்படையினர் துப்பாக்கிப் பயிற்சி செய்யும் நாளில் நீர்வழியையே மறித்துவிடுவார்கள். பக்கத்திலுள்ள மைல் ஹேமக் குடா நங்கூரமிடத் தோதான இடம். படைக்குச் சொந்தமானது, படகில் தங்கலாம், கரையில் கால் வைக்கக் கூடாது. இரவில் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் சுற்றினால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நாள் முதலில் சொன்ன இரண்டு பாலங்களும் வரும் என்பதால், இந்தக் குடாவில் எத்தனை மணிக்கு நங்கூரம் தூக்குவது என்பதை முதல் நாள் இரவே பென்சிலோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள்.

தென் கரோலினாவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மர்ட்டில் பீச்சருகே பாறையை வெட்டிய குறுகல் பாதை; எதிரே சரக்குப் படகு வருகிறதா என்று ரேடியோவில் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். அதைத் தாண்டியதும் வாக்கமா ஆறு. தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்களும் தொங்கும் பாசியுமாக, இந்த வழியில் இதைவிட அழகான இடம் இல்லை என்பது என் கட்சி. கிளை ஓடைகளில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். சார்ல்ஸ்டனில் அலுவலக நேரத்தில் வாப்பூ கிரீக் பாலம் படகுக்குத் திறக்காது. காருக்குத்தான் முதல் மரியாதை.

ஜார்ஜியாவின் எட்டடி

திட்டம் போடுபவரின் கைவரிசை தெரிவது ஜார்ஜியாவில். அந்தக் கரை உள்வாங்கி வளைந்திருப்பதால் ஓதம் அங்கே வந்து குவிகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு முதல் ஒன்பது அடி வித்தியாசம். காலையில் படகு மிதந்த ஓடையில் மத்தியானம் கொக்கு நடந்துகொண்டிருக்கும்.

அங்கே நங்கூரம் போடுவதைப் பாருங்கள். வற்றத்தின்போது வருகிறீர்கள், கருவி எட்டடி ஆழம் காட்டுகிறது. நங்கூரச் சங்கிலி அணியத்திலிருந்து இறங்குவதால் அதன் உயரம் நாலடியும் சேரும்: பன்னிரண்டு. ஆழத்துக்கு ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது பாலபாடம். அறுபது அடி விட்டுவிட்டுச் சமைக்கப் போய்விடுகிறீர்கள். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் எட்டடி ஏறுகிறது. இப்போது இருபதுக்கு அறுபது, மூன்று மடங்குதான். சங்கிலி நிமிர்ந்து நங்கூரத்தை மேலே இழுக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் படகு நகரத் தொடங்குகிறது. ஏறப்போகும் எட்டடியையும் முதலிலேயே கூட்டி நூறு அடி விட்டிருக்க வேண்டும். எதிர்மாறாக, ஏற்றத்தின்போது பன்னிரண்டு அடி ஆழத்தைப் பார்த்து மகிழ்ந்து நிறுத்தினால், விடியும்போது நாலடிதான் மிஞ்சும். ஐந்தடி இறங்கும் படகு சேற்றில் சாய்ந்து படுத்துவிடும். ஓட்டமும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுவதால் படகு நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும். சுற்றிலும் இடம் பார்த்துப் போட வேண்டும். நீண்ட சங்கிலிக்கு வட்டமும் பெரிது.

இனி வழியைப் பாருங்கள். சவன்னாவுக்குத் தெற்கே 602-ஆம் மைலில் ‘ஹெல் கேட்’ என்ற மேடு. பெயருக்கேற்ற இடம்தான், வற்றத்தில் பல படகுகளுக்குத் தண்ணீர் போதாது. 655-ஆம் மைலில் லிட்டில் மட் ரிவர். 683-ல் ஜெக்கில் கிரீக். மூன்றையும் ஏற்றத்தில் தாண்ட வேண்டும். ஹெல் கேட்டை ஏற்றத்தின் உச்சியில் தாண்டினால், 53 மைலைக் கடக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். லிட்டில் மட் ரிவருக்கு வரும்போது தண்ணீர் வற்றி, மறுபடி பாதிகூட ஏறியிருக்காது. ஆகவே நடுவில் எங்காவது தங்கியே தீர வேண்டும். சபேலோ தீவைச் சுற்றியுள்ள ஓடைகள் அதற்குத் தோதானவை. அந்தத் தீவின் ஹாக் ஹேமக் குடியிருப்பில், நெல்லும் பருத்தியும் விளைவிக்கக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா–கீச்சி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுநாள் காலை ஏற்றம் முந்தைய நாளை விட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். அதையும் கூட்டிக்கொண்டு நங்கூரம் தூக்க வேண்டும்.

மேட்டைத் தாண்ட நல்ல நேரம் ஏற்றத்தின் உச்சி அல்ல, அதற்குச் சற்று முன்பு. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது தரை தட்டினால் அரை மணியில் அதுவே தூக்கிவிடும். உச்சி கடந்து தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே வாசம். தொலைபேசியில் இழுவைப் படகைக் கூப்பிட்டுவிட்டுக் கொசுவோடு காத்திருக்க வேண்டும்.

எங்கே மணல் சேர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? அரசாங்க வரைபடத்தில் வழிநெடுக இளஞ்சிவப்புக் கோடு ஒன்று ஓடும். பல இடங்களில் பல பத்தாண்டுகளாகத் திருத்தப்படாத கோடு. அதை நம்பிப் படகுகள் தரை தட்டுகின்றன என்று 2013-ல் நீக்கப் பார்த்தார்கள். கூடாது, திருத்திக் கொடுங்கள் என்று படகுக்காரர்கள் கிளம்பியதால் கோடு தப்பித்தது. முகத்துவாரங்களின் அருகே ஒவ்வொரு புயலும் மணலை இடம் மாற்றிவிடுவதால், ராணுவப் பொறியாளர் படையின் புதிய ஆழ அளவுகளையும் போன வாரம் அதே வழியில் போனவரின் குறிப்பையும் பார்த்துத்தான் நாளைய தங்கலை முடிவு செய்வார்கள். கம்பங்களில் மஞ்சள் வண்ணச் சின்னங்கள் உண்டு: தெற்கே போகிறவருக்கு முக்கோணம் வலக்கைப் பக்கம், சதுரம் இடக்கைப் பக்கம். ஆறு குறுக்கிடும் இடங்களில் சிவப்பும் பச்சையும் பக்கம் மாறினாலும் இந்த மஞ்சள் மாறாது.

இத்தனை கணக்கும் வேண்டாம் என்று பலர் ஜார்ஜியாவைக் கடல் வழியாக ஒரே இரவில் தாண்டிவிடுகிறார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் அவர்கள் கம்பர்லாண்ட் தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்காமல் போகிறார்கள்.

தங்கினால் கிளம்ப மனம் வராத ஊர்

ஃப்ளோரிடாவில் ஓதம் தணிகிறது, ஊர்கள் நெருங்குகின்றன. செயின்ட் அகஸ்டினில் இரண்டு மூன்று நாள் ஒதுக்குவது நல்லது. 1565-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். சிங்கச் சிலைகள் நிற்கும் பாலத்தின் இரு பக்கமும் நகராட்சி மிதவைகள் போட்டிருக்கிறது. நங்கூரத்தை நம்பாமல் மிதவையில் கட்டிக்கொண்டு, சிறு படகில் கரைக்குப் போய்த் துணி துவைக்கலாம், கோட்டையைச் சுற்றலாம். படகுத்துறையில் கட்டினால் படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து காசு வாங்குவார்கள், நங்கூரத்துக்குக் காசில்லை. வாரத்தில் ஒருநாள் துறை, மிச்ச நாள் நங்கூரம் என்று கலந்து போடுவதே பெரும்பாலோர் வழக்கம். குடிநீர், டீசல், கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, குளியல் எல்லாம் அந்த ஒரு நாளில் முடிந்துவிடும்.

டைட்டஸ்வில் பக்கம் ஹாலோவர் கால்வாயில் கடற்பசுக்கள் மிதக்கும்; வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகள் மியாமி வரை தொடரும். ஐம்பது மைல் நாளெல்லாம் அங்கே முப்பத்தைந்தாகச் சுருங்கிவிடும். வீரோ பீச் மிதவைகளில் ஒன்றுக்கு இரண்டு மூன்று படகுகளாகக் கட்டச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவர் பக்கத்து வீட்டுக்காரராகிவிடுவார். ஒருநாள் என்று வந்தவர்கள் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்வதால் ‘வெல்க்ரோ பீச்’ என்று ஊருக்குப் பட்டப்பெயர்.

அதற்குத் தெற்கே பாம் பீச்சிலிருந்து திறக்கும் பாலங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். மியாமியின் ஜூலியா டட்டில் பாலம் வெறும் 56 அடி, விதிக்கு விலக்கு. உயரமான பாய்மரக்காரர்கள் அதற்கு முன்பே ஃபோர்ட் லாடர்டேலில் கடலுக்கு வெளியேறிவிட வேண்டும். பஹாமாஸ் போக நினைப்பவர்கள் இன்னும் முன்னால், லேக் வொர்த் முகத்துவாரத்தின் உள்ளே நங்கூரமிட்டுக் காத்திருப்பார்கள். வழியில் குறுக்கிடும் வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓடுவது. வாடைக் காற்று எதிரே அடித்தால் அலை சுவர் போல எழும்பும். காற்றில் வடக்கு வாடையே இல்லாத ஒரு நாள் வேண்டும். அந்த நாள் நாளைக்கே வரலாம். இரண்டு வாரமும் ஆகலாம். அதற்கு வேண்டிய அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் பாம் பீச் கடைகளில் முதலிலேயே வாங்கி ஏற்றிக்கொள்வார்கள்.